மாண்ட்ரியால் கனடியன்ஸ் வரலாற்றிலேயே சிறந்த சென்டர்கள் யார்? முதல் 5 பேரை வரிசைப்படுத்துவோம்

செந்நீலம்

வணக்கம் நண்பர்களே. கனடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி தொடங்கியது 1909-இல், இதுவரை 24 ஸ்டான்லி கோப்பை (ஹாக்கியின் சாம்பியன் கோப்பை), அதில் கடைசியாக வென்றது 1993-இல். இத்தனை ஆண்டுகளில் நடுவில் நின்று இந்த அணியை நடத்தியவர்களில் சிறந்த 5 பேர் யார் என்று ஒரு பட்டியல் போட உட்கார்ந்தேன், முதல் இடத்தைத் தாண்டியதும் கை நின்றுவிட்டது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் வைத்துக்கொண்ட விதி இரண்டுதான். ஒன்று, மாண்ட்ரியாலுக்காக ஆடிய காலம் மட்டுமே கணக்கு. இன்னொன்று, அவர் பெரும்பாலும் சென்டராக ஆடியிருக்க வேண்டும், அதனால் மோரிஸ் ரிஷார், கீ லஃப்லர் எல்லாம் இந்தப் பேச்சிலேயே வர மாட்டார்கள், அவர்கள் விங்கர்கள், ஓரத்தில் ஆடுபவர்கள்.

என் வரிசை இப்போதைக்கு இப்படி இருக்கிறது: ஜான் பெலிவோ, ஆன்ரி ரிஷார், ஹோவி மோரென்ஸ், எல்மர் லாக், ஜாக் லெமேர்.

பெலிவோவைப் பற்றி யாரும் சண்டைக்கு வர மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 1125 ஆட்டம், 507 கோல், 712 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்), ஆடும்போதே 10 கோப்பை, அதில் 1961 முதல் 1971 வரை 10 ஆண்டுகள் கேப்டன். என் சந்தேகம் எல்லாம் 2-ஆம் இடத்திலும் 5-ஆம் இடத்திலும்தான். 11 கோப்பை வென்ற ஆன்ரியை மோரென்ஸுக்கு மேலே வைத்தது சரிதானா? காரணத்தோடு சொல்லுங்கள்.

மோரென்ஸ்7

சரியில்லை நண்பரே. கோப்பை எண்ணிக்கையை வைத்து ஒருவரை அளந்தால், அவரோடு ஆடிய மற்ற 15 பேரையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். 1923-இல் மோரென்ஸ் சேர்ந்தபோது இருந்த லீகையும் 1955-இல் ஆன்ரி வந்து சேர்ந்த அணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆன்ரி உள்ளே வரும்போது டக் ஹார்வி, ஜாக் பிளாண்ட், பெலிவோ, ஜெஃப்ரியோன், சொந்த அண்ணன் மோரிஸ் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மோரென்ஸ் ஆடிய காலத்து விதியையும் கவனிக்க வேண்டும். 1929-30 சீசனுக்கு முன்னால் தாக்கும் பகுதிக்குள் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) முன்னோக்கிப் பாஸ் செய்யவே கூடாது. அப்படியென்றால் அந்தப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டியதும் ஒரு சென்டர் என்ன செய்ய முடியும்? தானே பக்கை எடுத்துக்கொண்டு, எதிரே நிற்கும் இரண்டு டிஃபென்ஸ் ஆட்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருபவருக்கோ பக்கத்தில் வருபவருக்கோ தள்ள வேண்டும். அந்த விதிக்குள் நின்று 1927-28-இல் 43 ஆட்டத்தில் 33 கோல், 51 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்த்து) எடுத்து லீகிலேயே முதலிடம் வந்தவர் அவர். விதி மாறிய உடனே 44 ஆட்டத்தில் 40 கோல். பழைய விதியிலும் வென்றார், புதிய விதியிலும் வென்றார், இதைவிட என்ன சான்று வேண்டும்?

அப்புறம் ஹார்ட் டிராஃபி. 1928, 1931, 1932 என்று மூன்று முறை லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. ஆன்ரிக்கு ஒன்றுகூடக் கிடையாது, பெலிவோவுக்கே இரண்டுதான். 1950-இல் கனடியன் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில் அரை நூற்றாண்டின் சிறந்த ஹாக்கி வீரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் மோரென்ஸ். மோரிஸ் ரிஷார் 50 ஆட்டத்தில் 50 கோல் அடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது, அப்போதும் ஆடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் மோரென்ஸைத்தான் சொன்னார்கள்.

அவர் முடிவையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இடையில் சிகாகோ, நியூயார்க் என்று போய்விட்டு 1936-இல் திரும்பி வந்தார். 1937 ஜனவரி 28 அன்று ஃபோரம் அரங்கில் சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் கால் உடைந்தது. மருத்துவமனையிலேயே மார்ச் 8-ஆம் தேதி இறந்தார், வயது 34. இறுதிச் சடங்கை அந்த ஃபோரம் அரங்கிலேயே நடத்தினார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். அவருடைய 7-ஆம் எண்தான் இந்த அணி முதன்முதலில் யாருக்கும் இனித் தருவதில்லை என்று எடுத்து வைத்த எண். என்னைக் கேட்டால் அவர் 2-ஆம் இடத்தில் நிற்பதற்கே குறை சொல்லலாம், முதலிடத்துக்கே பேசலாம், பெலிவோ என்பதால் விட்டுக்கொடுக்கிறேன்.

நீலக்கோடு

யாரும் பீட் மஹோவ்லிச் பெயரைச் சொல்லவில்லையே. 1974-75-இல் 117 புள்ளி, அதில் 82 அசிஸ்ட். இந்த அணியில் எந்த சென்டரும் ஒரு சீசனில் அதைத் தாண்டியதில்லை என்றுதான் எனக்குத் தெரியும். பெலிவோவின் மிகச் சிறந்த சீசனுக்கு முன்னால் வைத்தாலும் எண்ணிக்கையில் எங்கேயோ இருக்கிறது. கோப்பையும் 4 வென்றிருக்கிறார். முதல் 5-இல் ஒரு இடம் கொடுக்கக் கூடாதா?

ஃபேஸ்ஆஃப்வட்டம்

நீலக்கோடு, மஹோவ்லிச்சுக்கு முதல் 10-இல் கண்டிப்பாக இடம் உண்டு, 5-இல் கிடையாது. 1974-75-இல் லீக் 18 அணியாக விரிந்திருந்தது, ஒரு அணிக்கு 80 ஆட்டம், கோல்கள் கொட்டிய காலம். பெலிவோ 1955-56-இல் எடுத்த 88 புள்ளி 6 அணி மட்டுமே இருந்த லீகில் வந்தது. 47 கோல், 41 அசிஸ்ட், அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் டிராஃபி, ஹார்ட் டிராஃபி, சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் 10 ஆட்டத்தில் 12 கோல், கோப்பை. எல்லாம் ஒரே ஆண்டில். இரண்டு எண்ணையும் நேருக்கு நேர் வைக்கவே முடியாது. மஹோவ்லிச்சின் உச்சம் இரண்டு மூன்று சீசன்தான், 1977-இல் பிட்ஸ்பர்க்குக்குப் போய்விட்டார்.

இப்போது மோரென்ஸ்7-க்கு வருகிறேன். உங்கள் வாதத்தில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். கோப்பை என்பது அணியுடையது, சரி. ஆனால் ஆன்ரியை வெறும் 11 கோப்பைக்காரர் என்று பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் ஆட்டத்தைப் புள்ளிப் பட்டியல் சரியாகக் காட்டுவதில்லை, அதற்குக் காரணம் பெலிவோ.

ஆன்ரி முதல் 15 சீசனுக்கு மேல் அணியின் இரண்டாவது சென்டர். அப்படியென்றால் பவர் பிளே (எதிரணி ஆள் பெனால்டியில் வெளியே போய், நம் பக்கம் ஆள் கூடும் நேரம்) வந்தால் பெலிவோ போவார், ஆன்ரி உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்து கனடியன்ஸ் பவர் பிளே எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். 1955 நவம்பரில் பாஸ்டனுக்கு எதிராக ஒரே பவர் பிளேயில் 44 நொடிக்குள் பெலிவோ 3 கோல் அடித்தார். அப்போது மைனர் பெனால்டி என்றால் எத்தனை கோல் விழுந்தாலும் 2 நிமிடம் முழுவதும் பெனால்டி பெட்டிக்குள்தான் உட்கார வேண்டும். அடுத்த சீசனிலிருந்து ஒரு கோல் விழுந்தாலே பெனால்டி முடிந்தது என்று லீகே விதியை மாற்றிவிட்டது. புள்ளிகள் கொட்டிய அந்த இடத்தில் ஆன்ரிக்குப் பெரிய பங்கு இல்லை. அவருடைய 358 கோலும் 688 அசிஸ்டும் பெரும்பாலும் இரு பக்கமும் சம ஆட்கள் நிற்கும்போது, பக்கைத் துரத்திப் பிடுங்கி எடுத்தவை. 1046 புள்ளி அப்படி வருவது லேசுப்பட்ட காரியமா?

1957-58-இல் 80 புள்ளி எடுத்து லீகில் இரண்டாவது வந்தார், முதலில் வந்தவர் அவர் லைனிலேயே (சென்டரும் இரு விங்கர்களும் சேர்ந்து இறங்கும் கூட்டணி) ஆடிய டிக்கி மூர். அந்த ஆண்டில் லீகின் சிறந்தவர்கள் என்று தேர்ந்தெடுத்த முதலாவது ஆல்-ஸ்டார் அணியின் சென்டர் ஆன்ரி. இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? 1954-இல் கென் மோஸ்டெல், 1955 முதல் 57 வரை பெலிவோ, 58-இல் ஆன்ரி, 59 முதல் 61 வரை மறுபடி பெலிவோ. 8 ஆண்டு தொடர்ந்து லீகின் முதல் ஆல்-ஸ்டார் சென்டர் மாண்ட்ரியால்காரர்தான். அதே பெஞ்சில் பெலிவோ இல்லாமல் ஆன்ரி வேறு எந்த அணியில் இருந்திருந்தாலும் முதல் சென்டராக 15 வருடம் ஆடியிருப்பார்.

ஆள் உயரம் 5 அடி 7 அங்குலம். 6 அடி 3 அங்குல பெலிவோ நீண்ட கையை வைத்துப் பக்கைக் காப்பாற்றினார், ஆன்ரிக்கு அந்த வசதி கிடையாது, கால் வேகமும் விடாப்பிடியும்தான். 1256 ஆட்டம், இந்த அணிக்கு இன்றுவரை அதிகம் ஆடியவர் அவர்தான்.

மோரென்ஸ்7

பவர் பிளே விஷயம் நல்ல வாதம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "வேறு அணியில் இருந்திருந்தால்" என்பதை வைத்து இடம் கொடுக்க முடியாது. செந்நீலம் போட்ட விதியே மாண்ட்ரியாலில் என்ன செய்தார் என்பதுதான். தன் காலத்தில் லீகிலேயே சிறந்தவராக இருந்தவரா, தன் அணியிலேயே இரண்டாவதாக இருந்தவரா என்று வந்தால் நான் முன்னவரையே எடுப்பேன்.

பழைய_ஃபோரம்

தாமதமாக வருகிறேன், இந்தப் பேச்சு எனக்குப் பிடித்த பேச்சு. 2-ஆம் இடத்தில் நான் மோரென்ஸ் பக்கம். ஆனால் செந்நீலம் 5-ஆம் இடத்தில் லெமேரைக் கொண்டுபோய் வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அவர் லாக்குக்கு மேலே வர வேண்டும்.

லாக் பெரிய ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. டோ பிளேக், மோரிஸ் ரிஷார் இருவருக்கும் நடுவில் நின்ற பன்ச் லைனின் சென்டர். மோரிஸ் 50 கோல் அடித்த 1944-45 சீசனில் லாக் 54 அசிஸ்டோடு 80 புள்ளி எடுத்து லீகில் முதலிடம், ஹார்ட் டிராஃபியும் அவருக்குத்தான். ஆர்ட் ராஸ் டிராஃபி என்ற விருதை 1948-இல் முதன்முதலாக வாங்கியவரும் அவரே. ஆனால் 1944-45 போர்க்காலம். மற்ற அணிகளின் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் ராணுவத்தில் இருந்தார்கள், மாண்ட்ரியால் அந்த அளவுக்கு ஆட்களை இழக்கவில்லை. அந்த ஒரு சீசனைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும்.

லெமேர் 12 சீசன் ஆடினார், ஒவ்வொரு சீசனிலும் 20 கோலுக்குக் குறைந்ததே இல்லை. 366 கோல், 835 புள்ளி, 8 கோப்பை. லஃப்லருக்கும் ஸ்டீவ் ஷட்டுக்கும் நடுவில் யார் நின்றாலும் புள்ளி எடுப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் திருப்பிக் கேட்கிறேன், அந்த இருவரும் கவலையில்லாமல் முன்னால் ஓடியது எதனால்? பின்னால் லெமேர் திரும்பி வந்துவிடுவார் என்ற தைரியம்தான். ஷட் 60 கோல், லஃப்லர் 136 புள்ளி எடுத்த 1976-77-இல் அணி மொத்தமே 8 ஆட்டம்தான் தோற்றது, 80-இல். இடத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர் அவர். பின்னாளில் நியூ ஜெர்சி டெவில்ஸுக்குப் பயிற்சியாளராகப் போய் 1995-இல் தடுப்பாட்டத்தாலேயே கோப்பை வென்றாரே, அந்த மூளை ஆடும்போதே இருந்ததுதான்.

பிளேஆஃப் கணக்கும் பாருங்கள். லெமேர் 145 ஆட்டத்தில் 61 கோல், 139 புள்ளி. ஆன்ரி 180 ஆட்டத்தில் 49 கோல், 129 புள்ளி. பெலிவோ 162-இல் 79 கோல், 176 புள்ளி. ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் லெமேர் பெலிவோவுக்கு அடுத்துத்தான் நிற்கிறார், ஆன்ரி அவருக்கும் கீழே.

இன்னொரு விஷயம், எனக்கு இதை எண்ணிப் பார்த்தபோது மிகவும் பிடித்துப் போனது. கோப்பையை முடிவு செய்த கோலை இரண்டு முறை அடித்தவர்கள் ஹாக்கியில் கொஞ்சம் பேர்தான். மோரென்ஸ் 1924, 1930. பெலிவோ 1960, 1965. ஆன்ரி 1966, 1971. லெமேர் 1977, 1979. நான்கு பேரும் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறார்கள், நான்கு பேரும் சென்டர்கள். லாக்குக்கு ஒன்று, 1953-இல் பாஸ்டனுக்கு எதிராக ஓவர்டைமில் அடித்த ஒரே கோலில் 1-0 என்று முடிந்த ஆட்டம். கட்டிப்பிடிக்கப் பாய்ந்து வந்த மோரிஸ் மோதி லாக்கின் மூக்கே உடைந்துவிட்டது.

செந்நீலம்

அந்த இரண்டு கோல் கணக்கு எனக்குத் தெரியாத விஷயம், மிக்க நன்றி. அதைப் படித்ததும் 1971 கடைசி ஆட்டத்தைத்தான் யோசித்தேன், ஏனென்றால் இந்தப் பட்டியலில் மூன்று பேர் அந்த ஒரு ஆட்டத்தில் இருக்கிறார்கள். சிகாகோவில் ஏழாவது ஆட்டம், மாண்ட்ரியால் 0-2 பின்தங்கி நிற்கிறது. லெமேர் நீலக்கோட்டுக்கு வெளியே வெகு தூரத்திலிருந்து ஓங்கி அடித்த பக் சிகாகோ கோலி டோனி எஸ்போசிட்டோவைத் தாண்டி உள்ளே போகிறது. ஆன்ரி சமன் செய்கிறார், மூன்றாவது பகுதியில் ஆன்ரியே வெற்றிக் கோலும் அடிக்கிறார், 3-2. சில நாட்கள் முன்புதான் அவர் பயிற்சியாளரைத் திறமை இல்லாதவர் என்று வெளிப்படையாகப் பேசி ஊரே கொந்தளித்திருந்தது. கேப்டனாகக் கோப்பையை வாங்கியவர் பெலிவோ, அதுவே அவருடைய கடைசி ஆட்டம். 39 வயதில் அந்த பிளேஆஃபில் 20 ஆட்டத்தில் 22 புள்ளி எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார்.

லெமேரை 4-க்கு ஏற்றலாம் என்று தோன்றுகிறது. லாக் போர்க்காலத்துக்குப் பிறகும் 1948-இல் லீகில் முதலிடம் வந்தவர், மண்டை ஓடு உடைந்து திரும்பி வந்து அதைச் செய்தவர், அதனால் 5-ஐ விட்டு அவரைக் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை. சரி, கோல் அடிப்பதை விட்டுத் தடுப்பாட்டத்தை மட்டும் பார்த்தால் யாராவது உள்ளே வருவார்களா?

நீலக்கோடு

கீ கார்பனோ! சிறந்த தடுப்பாட்ட ஃபார்வர்டுக்கான செல்கி டிராஃபி மூன்று முறை, 1988, 1989, 1992. 1993 இறுதிப் போட்டியில் முதல் ஆட்டத்தை லாஸ் ஏஞ்சலஸ் 4-1 என்று வென்ற பிறகு, அவர்களுடைய நட்சத்திரம் கிரெட்ஸ்கியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மாண்ட்ரியால் நான்கு ஆட்டமும் வென்றது. கேப்டன் அவர். கடைசிக் கோப்பை அது. தடுப்பு மட்டும் என்றால் அவர்தான் முதலிடம், மொத்தப் பட்டியலில் 6 அல்லது 7.

ஃபேஸ்ஆஃப்வட்டம்

கார்பனோ 6 என்பதில் எனக்கும் சம்மதம். அந்த இடத்துக்கு அவரோடு போட்டி போடக்கூடியவர் நியூசி லலோண்ட். 1910-இல் அணியின் முதல் நட்சத்திரமே அவர்தான், 1916-இல் முதல் கோப்பை வென்றபோதும் இருந்தார். ஆனால் பனியில் 7 பேர் ஆடி, ரோவர் என்று ஒரு இடம் இருந்த காலத்திலிருந்து வந்தவர், இப்போதைய பொருளில் சென்டர் என்று அவரை எடைபோட எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1922-இல் அவரைச் சஸ்கட்டூனுக்குக் கொடுத்துத்தான் ஓரெல் ஜோலியாவை வாங்கினார்கள், அந்த ஜோலியாதான் பிறகு மோரென்ஸின் பக்கத்தில் விங்கில் ஆடியது.

சாக்கு கோய்வுவையும் சொல்ல வேண்டும். கோப்பை இல்லை, சுற்றிலும் பலமான அணியும் இல்லை. 2001-இல் புற்றுநோய் என்று தெரிந்து, சிகிச்சை முடித்து 2002 ஏப்ரலில் மறுபடி பனியில் இறங்கினார், அரங்கம் பல நிமிடம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டே இருந்தது. பெலிவோ அளவுக்கு 10 ஆண்டுகள் கேப்டனாக இருந்தவர் அவர் ஒருவர்தான். கெட்ட காலத்தில் அணியைத் தாங்கியவர் என்பதற்காக மட்டுமே எனக்கு அவர் 8-ஆம் இடத்தில் இருப்பார்.

மோரென்ஸ்7

நிக் சுசுகியை இப்போதே உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள். 2024-25-இல் 89 புள்ளி எடுத்த நல்ல கேப்டன், ஆட்டத்துக்கு ஆட்டம் எல்லாச் சூழ்நிலையிலும் பனியில் நிற்கிறார், கடைசி நிமிடத்தில் முன்னிலையைக் காப்பாற்றவும் அவர்தான், பின்தங்கினால் துரத்தவும் அவர்தான். ஆனால் கோய்வுவைத் தாண்டவே இன்னும் சில ஆண்டு வேண்டும்.

2-ஆம் இடத்தில் இப்போது மோரென்ஸுக்கு இரண்டு வாக்கு, ஆன்ரிக்கு இரண்டு. நீலக்கோடு, நீங்கள் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

நீலக்கோடு

இவ்வளவு நேரம் படித்துவிட்டு ஆன்ரிக்கே போடுகிறேன். மோரென்ஸைப் போல ஒரு ஆட்டத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் பெரிய விஷயம்தான். ஆனால் 20 சீசன், பவர் பிளேயில் பெரிய பங்கு இல்லாமல் 1046 புள்ளி, அணி 1971-இல் 0-2 என்று நிற்கும்போது 35 வயதில் இரண்டு கோல். எனக்கு ஒரு ஏழாவது ஆட்டம் ஆட வேண்டும், பெலிவோ ஏற்கெனவே முதல் லைனில் இருக்கிறார் என்றால், இரண்டாவது லைனுக்கு நான் கூப்பிடுவது ஆன்ரியைத்தான்.